இஞ்சின் இல்லாத தோணி: பிரவுசரில் முதலாவது கேம் கட்டுவது

மட்டக்களப்புப் பக்கம் கேம் செய்யப் பழக நினைக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த இஞ்சின் (கேம் கட்டுவதற்கான தயார் மென்பொருள்) நல்லது என்றுதான். யுனிட்டியா, கோடோவா, ஃபேஸரா? முதலாவது கேமுக்கு இவற்றில் ஒன்றுமே வேண்டாம். குரோம் பிரவுசர், எழுதுவதற்கு ஓர் எடிட்டர், ஒரேயொரு எச்.டி.எம்.எல். ஃபைல். சாமான் இவ்வளவுதான். இஞ்சின்கள் நல்ல கருவிகள், பிறகு கட்டாயம் படியுங்கள். ஆனால் யுனிட்டியை இறக்கவே கிகாபைட் கணக்கில் டேட்டா போகும். அதைவிடப் பெரிய சிக்கல், கேம் ஓடாமல் நின்றால் பிழை நம்முடைய கோட்டில் இருக்கிறதா, இஞ்சினை அமைத்த விதத்தில் இருக்கிறதா என்று புதியவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிரவுசருக்கே விளங்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் நேரடியாக எழுதினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் நீங்கள் போட்டது. படங்களை விட்டுப் பார்த்தால் முடிந்த கேம் 20 கிலோபைட்டைத் தாண்டாது. வட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவரின் பழைய போனிலும் உடனே திறக்கும்.

முன்பு பிரவுசர் கேம் என்றால் ஃபிளாஷ். அடோபி 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. இப்போது அந்த இடத்தில் இருப்பது கன்வாஸ். 2004இல் அப்பிள் நிறுவனம் கொண்டுவந்த இந்த வரைபலகை இன்று எல்லாப் பிரவுசர்களிலும் உள்ளேயே இருக்கிறது. தனியாக ஒன்றும் நிறுவத் தேவையில்லை.

ஒரு குறிப்பு. கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், இரண்டாவது சொல்லிலிருந்து ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாகத் தட்டுங்கள். சில பெயர்கள் இதற்கு விலக்கு: பொயின்டர் டவுன் போன்ற நிகழ்வுகளின் பெயர் முழுவதும் சிறிய எழுத்து, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். பெயர்களில் சிறிய எழுத்தும் சொற்களுக்கிடையே சிறுகோடும், ஓடியோ கொன்டெக்ஸ்ட், நம்பர், இன்டெல் செக்மென்டர் ஆகியவற்றில் முதல் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை வேறொரு பெயராகவே எடுத்துக்கொள்ளும்.

கட்டப்போகும் கேம் இதுதான். வாவியை மேலிருந்து பார்க்கிறோம். திரையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு தோணி, விரலால் இடமும் வலமும் நகர்த்தலாம். மேலிருந்து இறால்கள் இறங்கி வரும், தோணி தொட்டால் 10 புள்ளி. இடையிடையே ஆற்றுவாழை என்ற நீர்க்களைச் செடித் திட்டுகள் மிதந்து வரும், மோதினால் ஓர் உயிர் போகும். மூன்று உயிர். நேரம் போகப் போக வேகம் கூடும். சின்ன விதிதான், ஆனாலும் ஒரு கேமுக்கு வேண்டிய எல்லாமே இதற்குள் வந்துவிடும்: அசைவு, மோதல், தொடுகை, சத்தம், புள்ளி, முடிவு.

காத்திருக்காத புரோகிராம்

சாதாரண தரத்தில் பாஸ்கலும் உயர்தரத்தில் பைத்தனும் படித்தவர்கள் இங்கே ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் எழுதுகிற புரோகிராம் உள்ளீட்டைக் கேட்கும், கணக்குப் பார்க்கும், விடையைக் காட்டும், முடிந்துவிடும். கேம் அப்படி முடிவதில்லை. விளையாடுபவர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் இறால் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் கையில் உடனே வருவது முடிவில்லாத ஒரு வைல் லூப், அதாவது ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. அதை பிரவுசரில் போட்டால் பக்கம் அப்படியே உறைந்துவிடும். கோட் ஓடுவதும், திரையில் வரைவதும், விரல் தொட்டதைக் கவனிப்பதும் அங்கே ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. லூப் முடியாதவரை மற்ற இரண்டுக்கும் முறை வராது.

இதற்கான வழி ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம். 'அடுத்த தடவை திரையைப் புதுப்பிக்கும் முன் என்னுடைய இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு' என்று பிரவுசரிடம் சொல்லிவைக்கிறோம். அந்த ஃபங்ஷன் மூன்று வேலை செய்யும்: எல்லாவற்றையும் கொஞ்சம் நகர்த்தும், முழுத் திரையையும் அழித்து மறுபடி வரையும், கடைசி வரியில் தன்னையே அடுத்த தடவைக்குப் பதிந்துவைக்கும். சினிமாப் படம் போல ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படம். நடுவிலே பிரவுசருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

இந்த லூப்பை ஒரேயொரு தடவைதான் தொடங்க வேண்டும். 'மறுபடி ஆடு' பொத்தானை அழுத்தும்போது லூப்பை இன்னொரு தடவை தொடக்கிவிடுவது மிகவும் சாதாரணமான பிழை. பழைய லூப் நிற்கவில்லை, புதியதும் சேர்ந்துவிட்டது. ஃபிரேமுக்கு இவ்வளவு என்று நகர்த்தும் கேமில் ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் வேகம் கூடிக்கொண்டே போகும். நிலை என்று ஒரு மாறி வைத்து, அதில் தொடக்கம், ஆட்டம், முடிவு என்ற மூன்றில் ஒன்று இருக்கட்டும். லூப் எப்போதும் ஓடட்டும். நிலை 'ஆட்டம்' என்றால் மட்டும் நகர்த்துங்கள்.

செக்கனுக்கு எவ்வளவு?

முழுக் கேமிலும் நன்றாக நின்று விளங்கிக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். இது பிடிபட்டால் பிறகு எந்த இஞ்சினுக்குப் போனாலும் அங்கேயும் இதுவே காத்திருக்கும்.

தொடக்கத்தில் எல்லோரும் எழுதுவது 'ஒவ்வொரு ஃபிரேமிலும் இறாலை 4 பிக்சல் கீழே இறக்கு' என்றுதான். உங்கள் லெப்டொப்பின் திரை 60 ஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு 60 ஃபிரேம், இறால் செக்கனுக்கு 240 பிக்சல் போகும். அதே கேமை 120 ஹேர்ட்ஸ் திரையுள்ள போனில் திறந்தால் 480. கேம் இரண்டு மடங்கு கஷ்டமாகிவிட்டது. மலிவான போனில் வரைய நேரம் போதாமல் செக்கனுக்கு 30 ஃபிரேமாக விழுந்தால் 120தான், இறால் ஊர்ந்து வரும். ஒரே லிங்க்கை மூன்று பேர் திறந்தால் மூன்று வேறு கேம். அதிகூடிய புள்ளி யாருக்கு என்று போட்டி வைத்தால் நியாயமே இருக்காது.

ஆகவே வேகத்தை ஃபிரேமுக்கு இவ்வளவு என்று வைக்காமல் செக்கனுக்கு இவ்வளவு என்று வையுங்கள். ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது அந்த நேரத்தை மில்லிசெக்கனில் கொடுக்கும். அதிலிருந்து முந்தைய ஃபிரேமின் நேரத்தைக் கழித்து 1000ஆல் பிரித்தால், இடையில் போன செக்கன் கிடைக்கும். 60 ஹேர்ட்ஸில் அது சுமார் 0.0167, 120 ஹேர்ட்ஸில் சுமார் 0.0083. இதை இடைநேரம் என்று வைத்துக்கொள்வோம். இறாலின் இடம் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேகம் பெருக்கல் இடைநேரம் என்ற அளவு கூடும். ஃபிரேம் எத்தனை வந்தாலும் ஒரு செக்கனில் போகும் தூரம் மாறாது.

இதில் இரண்டு பொறி உண்டு. முதலாவது ஃபிரேமில் முந்தைய நேரம் என்று ஒன்று இன்னும் இல்லை. இல்லாத ஒன்றைக் கழித்தால் விடை 'எண் அல்ல' என்று வரும், ஜாவாஸ்கிரிப்டில் அதற்குப் பெயர் நான் (ஆங்கிலத்தில் என்.ஏ.என்.). அது ஒரு தடவை இடத்துக்குள் நுழைந்தால் பிறகு எதைக் கூட்டினாலும் நான்தான். கன்வாஸுக்கு அப்படிப்பட்ட இடத்தைக் கொடுத்தால் அது பிழைச்செய்தி ஒன்றும் தராமல் பேசாமல் இருந்துவிடும். தோணி காணாமல் போயிருக்கும், கொன்சோல் (பிழைச்செய்திகள் வரும் பிரவுசரின் பலகை) வெறுமையாக இருக்கும். பொருள் ஒன்று சத்தமில்லாமல் மறைந்தால் முதலில் அதன் இடத்தைக் கொன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பொறி, போனில் அழைப்பு வருவது. வேறு பக்கத்துக்கு மாறினால் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் நின்றுவிடும், திரும்பி வந்ததும் தொடரும். இரண்டு செக்கன் வெளியே இருந்துவிட்டு வந்தால் இடைநேரம் 2 என்று வரும். செக்கனுக்கு 400 அலகு (கேமுக்குள் நாமே வைக்கும் அளவு, அடுத்த பகுதியில் வரும்) போகும் ஆற்றுவாழை ஒரே ஃபிரேமில் 800 அலகு பாயும், தோணியைத் தொடாமலே தாண்டிவிடும். இடைநேரம் 0.05ஐத் தாண்டினால் 0.05 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 400 அலகு வேகத்திலும் ஒரு ஃபிரேமில் 20 அலகுதான் நகரும். தோணியின் உயரம் 24 அலகு என்று வைத்தால் எதுவும் அதைத் தாவிப் போக முடியாது. இந்த 20க்கும் 24க்கும் உள்ள உறவை ஒவ்வொரு தடவை வேகத்தைக் கூட்டும்போதும் சரிபாருங்கள்.

புதிய இறால் எப்போது வரும் என்பதையும் இதே கணக்கில் சேருங்கள். செட் இன்டர்வல் என்ற கட்டளையால் 0.9 செக்கனுக்கு ஒரு தடவை விடலாம் என்று தோன்றும். ஆனால் அது பக்கம் மறைந்திருக்கும்போதும் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வரும்போது மேல் ஓரத்தில் இறால் குவியலாக நிற்கும். ஒரு மாறியில் இடைநேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, 0.9ஐத் தொட்டதும் ஓர் இறாலை விட்டு, அதிலிருந்து 0.9ஐக் கழியுங்கள். பூச்சியமாக்கிவிட்டால் மிச்சமிருந்த துளி நேரம் ஒவ்வொரு தடவையும் தொலையும். தொடக்க வேகம் செக்கனுக்கு 120 அலகு, நான்கில் ஒன்று ஆற்றுவாழை. இதிலிருந்து தொடங்கி, இடைவெளியை 0.35 வரை மெல்ல மெல்லக் குறைத்துப் பாருங்கள்.

திரையின் அளவு

கன்வாஸுக்கு அளவு சொல்லாவிட்டால் அது 300க்கு 150 பிக்சலாகப் பிறக்கும். சி.எஸ்.எஸ்.ஸில் மட்டும் அகலத்தைக் கூட்டினால் அந்தச் சின்னப் படத்தையே இழுத்துப் பெரிதாக்கும், எல்லாம் மங்கும். கன்வாஸின் சொந்த அகலமும் உயரமும் வேறு, பக்கத்தில் அது பிடிக்கும் இடம் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

போன்களில் இன்னொரு எண்ணும் வருகிறது. பிரவுசர் தன்னை 360க்கு 800 என்று சொல்லும், உண்மையான திரையில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு புள்ளிகள் இருக்கும். அந்த மடங்கைத் தருவது டிவைஸ் பிக்சல் ரேஷியோ. 2 என்றால் கன்வாஸ் 720க்கு 1600 ஆக வேண்டும், 3 என்றால் 1080க்கு 2400. கணக்குப் பார்த்தால் பின்னது முன்னதைவிட 2.25 மடங்கு புள்ளிகள், ஒவ்வொரு ஃபிரேமிலும் அத்தனையையும் நிரப்ப வேண்டும். இப்படிப்பட்ட கேமுக்கு 2க்கு மேல் போக வேண்டாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, போன் சூடாவது குறையும்.

எல்லாப் போனுக்கும் ஒரே கேமாக இருக்க, உள்ளே உங்களுக்கென ஓர் அளவை வைத்துக்கொள்ளுங்கள்: 360 அகலம், 640 உயரம். இறால், தோணி, வேகம் எல்லாம் இந்த அலகில். வரையும்போது மட்டும் திரையின் அகலத்தை 360ஆலும் உயரத்தை 640ஆலும் பிரித்து, இரண்டில் சிறியதைப் பெருக்கியாக எடுங்கள். மிஞ்சும் ஓரத்தில் தண்ணீர் நிறத்தைப் பூசிவிடலாம். உயரத்தை சி.எஸ்.எஸ்.ஸில் 100 வி.எச். என்று கொடுத்தால் போனின் முகவரிப் பட்டை கீழ்ப்பகுதியைத் தள்ளிவிடும், தோணி பாதிதான் தெரியும். 100 டி.வி.எச். என்று கொடுங்கள். பக்கத்தின் அகலத்தைப் போனுக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியையும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் போன் உங்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலக் கொம்பியூட்டர் பக்கமாக நினைத்துச் சுருக்கிக் காட்டும்.

இறால்கள் எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கும். ஒவ்வொன்றும் இடம், வேகம், வகை என்ற மூன்றைக் கொண்ட ஓர் ஒப்ஜெக்ட். பிடிபட்டதையும் திரைக்கு வெளியே போனதையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது நீண்டுகொண்டே போய்க் கேம் மெல்ல மெல்ல இழுபடும். எடுக்கும் லூப்பைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டுங்கள். முன்னிருந்து ஓட்டி மூன்றாவதை எடுத்தால் நான்காவது மூன்றாவது இடத்துக்கு வந்துவிடும், லூப்போ நான்காவது இடத்துக்குப் போய்விடும். ஒன்று பார்க்கப்படாமலே தப்பும். இரண்டு இறால் ஒட்டிவரும்போது மட்டும் ஒன்று அந்த ஃபிரேமில் நகராமல் துடிப்பதாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

மோதலுக்கு நான்கு ஒப்பீடு போதும். ஒன்றின் இடது ஓரம் மற்றதன் வலது ஓரத்துக்கு இப்பால் இருக்க வேண்டும், வலது ஓரம் மற்றதன் இடது ஓரத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். மேல், கீழுக்கும் அப்படியே. நான்கும் உண்மை என்றால் தொட்டுவிட்டது. ஆனால் படத்தின் சரியான அளவையே பெட்டியாக வைத்தால் விளையாடுபவருக்கு அநியாயமாகப் படும். ஆற்றுவாழையின் இலை நுனி வெறும் மூலையை உரசினாலும் உயிர் போகும். ஆற்றுவாழைக்குப் படத்தின் 70 சதவீதத்தைப் பெட்டியாக வையுங்கள். இறாலுக்கு மாறாகப் பக்கத்துக்கு 6 அலகு கூட்டிக் கொடுங்கள். மயிரிழையில் பிடித்தோம், மயிரிழையில் தப்பினோம் என்ற சந்தோஷம் இரண்டுமே இந்தச் சலுகையிலிருந்துதான் வருகிறது. கேமின் சுவையைக் கூட்ட இதைவிட மலிவான வழி இல்லை.

விரல்

நம் பக்கத்தில் இந்தக் கேமைத் திறப்பவர்களில் அநேகமானோர் போனில்தான் திறப்பார்கள். ஆகவே தொடுகையை முதலில் எழுதுங்கள், கீபோர்டைப் பிறகு சேர்க்கலாம். பொயின்டர் டவுன், பொயின்டர் மூவ், பொயின்டர் அப், பொயின்டர் கேன்சல் என்ற நான்கு நிகழ்வும் விரலுக்கும் மௌஸுக்கும் பொது.

விரலை இழுக்கும்போது தோணி கொஞ்சத் தூரம் வந்துவிட்டு நின்றுவிடுகிறது என்றால், பிரவுசர் அதைப் பக்கத்தை உருட்டும் அசைவாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பொயின்டர் கேன்சல் வரும், அதற்குப் பிறகு மூவ் வராது. கன்வாஸுக்கு சி.எஸ்.எஸ்.ஸில் டச் அக்ஷன் நன் என்று ஒரு வரி போட்டால் சரியாகிவிடும். முழுப் பக்கத்தையும் குறிக்கும் பாடிக்கு ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியர் நன் (ஓவர்ஸ்க்ரோல் ஒரே சொல்) என்றும் போடுங்கள், இல்லாவிட்டால் கீழ்நோக்கி இழுக்கும்போது பக்கம் ரீலோட் ஆகிப் புள்ளியெல்லாம் போய்விடும்.

விரல் இருக்கும் இடத்துக்கே தோணியைக் கொண்டுபோனால் கட்டைவிரல் தோணியை மறைத்துவிடும். விரல் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு தோணியை நகர்த்துங்கள். திரையில் எங்கே தொட்டு இழுத்தாலும் வேலை செய்யும். தோணியையும் அடியோடு ஒட்டி வைக்காமல் 640இல் 520ஆம் அலகில் வைத்தால் கீழே கட்டைவிரலுக்கு இடம் மிஞ்சும். கீபோர்டுக்கு ஒரு வரிதான் சொல்ல வேண்டும்: அம்புக்குறி அழுத்தும் நிகழ்விலேயே தோணியை நகர்த்த வேண்டாம். முதல் அழுத்தத்துக்குப் பிறகு ஒரு சின்னத் தாமதம் வந்து தோணி திக்கும். எந்த விசை இப்போது அழுந்தியிருக்கிறது என்று குறித்துவைத்து, நகர்த்தும் வேலையை லூப்பில் செய்யுங்கள்.

படமும் சத்தமும்

முதல் கிழமை படம் ஒன்றும் வேண்டாம். இறாலுக்கு ஒரு செம்மஞ்சள் வட்டம், ஆற்றுவாழைக்கு ஒரு பச்சைச் சதுரம், தோணிக்கு ஒரு மண்ணிறச் செவ்வகம். இதில் சுவையில்லாத கேம் படம் போட்ட பிறகும் சுவைக்காது. பிறகு படம் சேர்க்கும்போது, போனில் எடுத்த தோணிப் படத்தை அப்படியே போடாதீர்கள். 4000க்கு 3000 பிக்சல் படம் ஃபைலாக 3 மெகாபைட் இருந்தாலும், விரித்து நினைவகத்தில் வைக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட் ஆகும். 2 கிகாபைட் ரெம் உள்ள போனுக்கு அது பெரிய சுமை. திரையில் 70 அலகு அகலம் வரும் தோணிக்கு 140 பிக்சல் அகலப் படம் போதும். எல்லாப் படமும் வந்து முடிந்த பிறகே லூப்பைத் தொடங்குங்கள். பாதி வந்த படத்தை வரையச் சொன்னால் கன்வாஸ் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும், ஃபைலின் பெயர் பிழையாக இருந்தால் பிழையைக் கிளப்பிக் கேமையே நிறுத்திவிடும்.

சத்தத்துக்கு ஃபைலே தேவையில்லை. பிரவுசருக்குள்ளேயே இருக்கும் வெப் ஓடியோவில் ஒஸிலேட்டர் என்று ஒன்று இருக்கிறது, அது நேரடியாகச் சுரத்தை உண்டாக்கும். இறால் பிடித்தால் 660 ஹேர்ட்ஸ் சைன் அலை, 0.12 செக்கன். மோதினால் 110 ஹேர்ட்ஸ் சதுர அலை, 0.25 செக்கன். சத்தத்தைத் திடீரென்று வெட்டினால் 'டக்' என்று ஒரு சொடுக்கு கேட்கும், அதனால் ஒலியளவை 0.2இலிருந்து மெல்லத் தணிக்க வேண்டும். அப்படித் தணிக்கும் கட்டளையான எக்ஸ்பொனென்ஷியல் ரேம்ப் பூச்சியத்தை ஏற்காது, 0.001 என்று கொடுங்கள். விளையாடுபவர் திரையைத் தொடும்வரை பிரவுசர் சத்தத்தை விடாது. ஆகவே எல்லாச் சத்தத்துக்கும் அடிப்படையான ஓடியோ கொன்டெக்ஸ்டை 'ஆடு' பொத்தானை அழுத்தும் இடத்திலேயே உண்டாக்குங்கள். பக்கம் திறந்தவுடன் உண்டாக்கினால் அது உறங்கிக் கிடக்கும், ரெஸ்யூம் சொல்லி எழுப்ப வேண்டும்.

மட்டக்களப்புக் கேம் என்றால், நிலவு இரவில் வாவியில் கேட்பதாகச் சொல்லும் பாடும் மீன் இல்லாமல் எப்படி? 220 ஹேர்ட்ஸில் ஒரு சைன் அலையும் 223 ஹேர்ட்ஸில் இன்னொன்றும் சேர்த்து ஒலிக்கவிட்டால், இரண்டும் செக்கனுக்கு மூன்று தடவை ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் அலைபாயும் ஒரு முனகலாகக் கேட்கும். ஒவ்வொரு 20 இறாலுக்கும் ஒரு தடவை, பின்னணியை நிலவொளி நிறமாக்கி, ஓரத்தில் 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தின் உருவத்தைக் கோடுகளாக வரைந்து, இந்த ஒலியை மூன்று செக்கன் விட்டுப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வரிக் கோட்தான். கேமுக்கு ஓர் ஊர் வந்துவிடும்.

அதிகூடிய புள்ளியை பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைக்கலாம், பக்கத்தை மூடினாலும் இருக்கும். ஆனால் அது எதையும் எழுத்தாகத்தான் வைத்திருக்கும். மொத்தப் புள்ளி 120ஐ வாசித்து அதோடு 10ஐக் கூட்டினால் 130 வராது, 12010 வரும். வாசித்தவுடன் நம்பர் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக்குங்கள். முதல் தடவை ஒன்றுமே இல்லாதபோதும் அது பூச்சியத்தைத் தரும்.

தமிழ் எழுத்து

தமிழில் கேம் செய்பவர்கள் மோதும் ஒரு கல், ஆங்கிலப் பாடங்களில் இருக்காது. இறாலுக்குப் பதிலாக எழுத்துகள் இறங்கி வரும் சொல் விளையாட்டு செய்யலாம் என்று எண்ணி, 'மட்டக்களப்பு' என்ற சொல்லை ஜாவாஸ்கிரிப்டில் துண்டாக்கினால் 12 துண்டு வரும். நமக்குத் தெரிவது 8 எழுத்து: ம, ட், ட, க், க, ள, ப், பு. கொம்பியூட்டர் புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. திரையில் புள்ளி மட்டும் தனியாக ஒரு வட்டத்தோடு இறங்கி வரும்.

இன்டெல் செக்மென்டர் (ஆங்கிலத்தில் ஐ.என்.டி.எல்., ஒரு புள்ளி, பிறகு செக்மென்டர்) என்பதை, மொழி தமிழ், அலகு கிராஃபீம் (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது) என்று கொடுத்துப் பயன்படுத்தினால் சரியாக 8 வரும். குரோமில் முன்பிருந்தே இருக்கிறது, ஃபயர்ஃபொக்ஸில் 2024இல் வந்த 125ஆம் பதிப்பிலிருந்து உண்டு. 'ஸ்ரீ'யையும் 'க்ஷ'வையும் அது இரண்டாகப் பிரிக்கும், அவற்றைப் பிறகு நீங்களே சேர்க்க வேண்டும். இன்னுமொன்று. 'கொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. சரியான விடையைத் தட்டிய பிள்ளைக்குப் பிழை என்று காட்டும் கேமை விடக் கூடாது. ஒப்பிடும் முன் இரண்டையும், ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நோர்மலைஸ் என்ற ஃபங்ஷனில் போட்டு எடுங்கள். கன்வாஸில் தமிழ் எழுதும்போது வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்காக வையுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் 'மூ'வும் கீழ்வரியின் புள்ளியும் இடிபடும்.

போனில் ஓட்டிப் பார்ப்பது, வெளியே விடுவது

லெப்டொப்பில் ஓடுவது போதாது. ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது போனில் திறந்து பாருங்கள், வீட்டில் உள்ளதில் ஆகப் பழைய போனில். லெப்டொப்பில் பைத்தன் இருந்தால் அதனுடன் வரும் எச்.டி.டி.பி. சேர்வரை ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் 8000ஆம் போர்ட்டில் ஓடவிடுங்கள். போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு லெப்டொப்பை அதில் இணையுங்கள். ஐபி கொன்ஃபிக் கட்டளையில் லெப்டொப்பின் முகவரி தெரியும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். போனின் குரோமில் அந்த முகவரியையும் 8000ஐயும் கொடுத்தால் கேம் திறக்கும். ஃபைல் வருவது லெப்டொப்பிலிருந்து நேரே போனுக்கு, ஆகவே இதற்கு டேட்டா போகாது. திறக்காவிட்டால் பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வோல்தான் தடுக்கிறது, பைத்தனுக்கு அனுமதி கொடுங்கள்.

லெப்டொப் இல்லாதவர்கள் அன்ட்ரொய்ட் போனிலேயே ஏகோட், ஸ்பெக் போன்ற எடிட்டர்களில் எழுதலாம். சின்னத் திரையில் சிரமம்தான், ஆனால் இந்த அளவுக் கேமை முழுதாக முடிக்கலாம். போனில் கொன்சோல் கண்ணுக்குத் தெரியாது என்பதால், விண்டோவின் எரர் நிகழ்வைக் கேட்டு, செய்தியையும் வரி இலக்கத்தையும் பக்கத்தின் மேலே எழுதும் மூன்று வரியைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

கோட்டை ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். முழுக் கேமையும் ஒரே தடவையில் வாங்கினால், அதில் சின்ன மாற்றம் செய்யவும் மறுபடி அதனிடமே போக வேண்டிவரும். லூப்பையும் இடைநேரத்தையும் நீங்களே எழுதுங்கள். விளங்காத ஒரு வரியைக் காட்டி ஏன் இப்படி என்று கேட்பதற்கு அது நன்றாக உதவும்.

கேமை இணையத்தில் வெளியே விட, பக்கங்களை வைத்துத் தரும் கிட்ஹப் பேஜஸ் இலவசம். ஒரு ரெப்போசிட்டரி (ஃபைல்களை வைக்கும் இடம்) திறந்து, முதன்மை ஃபைலுக்கு இன்டெக்ஸ் என்று பெயர் வைத்து ஏற்றி, செட்டிங்ஸில் பேஜஸ் பகுதியில் மெயின் கிளையைத் தேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் லிங்க் கிடைக்கும். கேம்களைப் பகிரும் இட்ச் தளத்தில் போடுவதென்றால் ஸிப் செய்யுங்கள், ஆனால் ஃபோல்டரை அல்ல, உள்ளிருக்கும் ஃபைல்களை. இன்டெக்ஸ் ஃபைல் ஸிப்பின் முதல் தட்டிலேயே இருக்க வேண்டும்.

லெப்டொப்பில் தெரிந்த தோணி இணையத்தில் தெரியாவிட்டால் முதலில் ஃபைல் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாக எடுக்கும், கிட்ஹப் பேஜஸ் எடுக்காது. படங்களின் பெயர் முழுவதையும் சிறிய எழுத்தில், இடைவெளியில்லாமல் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஃபேஸ்புக்கில் லிங்க்கை அழுத்துபவர்களுக்கு அது ஃபேஸ்புக்கின் உள் பிரவுசரில் திறக்கும், அங்கே எடுத்த அதிகூடிய புள்ளி குரோமில் தெரியாது. அவர்கள் கேட்டால் சொல்லிவையுங்கள். திருத்தி ஏற்றிய பிறகும் பழைய கேமே வருகிறதென்றால் கோட்டில் பிழை தேட வேண்டாம். கிட்ஹப் பேஜஸ் ஃபைல்களை 10 நிமிடம் வைத்திருக்கும்படி பிரவுசருக்குச் சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்டைத் தனி ஃபைலாக வைத்திருந்தால், எச்.டி.எம்.எல்.லில் அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் பதிப்பு எண்ணும் சேர்த்து, ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் எண்ணை ஒன்று கூட்டுங்கள். எச்.டி.எம்.எல். ஃபைலுக்கு மட்டும் அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுத்திருக்க வேண்டும்.